மளிகைக் கடைக்கு டப்பாவோடு வாருங்கள்: கடலூர்க் கடைக்காரர் ஒருவரின் யோசனைகள்

அப்பா காலத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு மளிகைக் கடை. கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று நன்றாகத் தெரியும். மூங்கில் பிரஷ் இருக்கிறதா, ‘ஈக்கோ’ என்று எழுதிய பாத்திரம் தேய்க்கும் திரவம் இருக்கிறதா என்று தேடி வாங்குகிறவர்கள், பணம் கொடுக்கும்போது “அண்ணே, ஒரு கவர் போட்டுக் கொடுங்க” என்பார்கள். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையையே வாயில் எடுக்காத ஒரு பாட்டி, அரிசிக்குச் சாக்குப் பையும் புளிக்கு எவர்சில்வர் தூக்கும் கொண்டு வருவார். யார் வீட்டுக் குப்பைத் தொட்டி முதலில் நிறையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் எந்தப் ‘பசுமைப் பொருள்’ வாங்கலாம் என்ற பட்டியல் இங்கே கிடையாது. வழக்கமாக வாங்குகிற பருப்பு, எண்ணெய், சோப்பு, காய், மீன் இவற்றையே குப்பையும் வீணும் குறையும்படி எப்படி வாங்குவது என்பதைச் சொல்கிறேன். குறைவாக வாங்கச் சொன்னால் உனக்கு நஷ்டமாயிற்றே என்பீர்கள். வண்டு விழுந்த ரவையைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுகிறவரைவிட, அளவாக வாங்கிப் போய் மறுமாதமும் வருகிறவர்தான் எனக்கு லாபம்.

லிஸ்ட் எழுதும் முன்

அடுக்களை டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு லிஸ்ட் எழுதுங்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். ஆனால் நிறையப் பேர் போன மாத லிஸ்ட்டையே வாட்ஸ்அப்பில் திரும்ப அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அரைப் பை உளுந்து கிடக்கும்போதே இன்னும் இரண்டு கிலோ போகும். கடலூர்க் காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். ரவை, கடலை மாவு, மைதா எல்லாம் இங்கே சீக்கிரம் பூச்சி பிடிக்கும்.

துவரம்பருப்பு கர்நாடகத்தின் கலபுரகியிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. பர்மா, மொசாம்பிக் என்று கடல் கடந்தும் வருகிறது. விளைவித்த தண்ணீர், லாரி டீசல், மில் கரண்ட் எல்லாம் செலவாகி வந்து சேர்ந்த பருப்பில் ஒரு கிலோ வண்டு விழுந்து குப்பைக்குப் போனால், அந்த மாதம் நீங்கள் மிச்சம் பிடித்த கவர்களால் அதை ஈடுகட்ட முடியாது. ஆகவே ரவையும் மாவும் 15 நாளுக்குத் தேவையான அளவு மட்டும். பருப்பு ஒரு மாதத்துக்கு. டப்பாவில் இரண்டு காய்ந்த மிளகாயோ நிழலில் காய்ந்த வேப்பிலையோ போட்டு வையுங்கள்.

அரிசி மட்டும் மூட்டையாக வாங்குவது நல்லது. பத்து சிறிய பாக்கெட்டுக்குப் பதில் ஒரே சாக்கு. அந்தச் சாக்கும் வீட்டில் பல வருஷம் உழைக்கும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பல மில்கள் 26 கிலோ மூட்டைக்கு மாறிவிட்டன. வரியைத் தாண்டிக் குதிக்க ஒரு கிலோ போதும் என்று கண்டுபிடித்த மூளையை மெச்சத்தான் வேண்டும். இருவர், மூவர் உள்ள வீடென்றால் பக்கத்து வீட்டோடு மூட்டையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

பையும் டப்பாவும்

எங்கள் கடைக்கு வரும் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். பழைய வேட்டியைக் கிழித்து, சுருக்குக் கயிறு வைத்துச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் ‘து.ப.’, ‘உ.’, ‘ப.ப.’ என்று எழுத்து. எவர்சில்வர் டப்பாக்களின் அடியில் நெயில் பாலிஷால் அந்த டப்பாவின் காலி எடை எழுதியிருக்கும். எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டு முந்தின நாள் மாலையே கொடுத்துவிடுவார். கடைப் பையன் காலையில் கூட்டமில்லாத நேரத்தில் நிரப்பி வைப்பான். அவர் மாத மளிகை முழுக்க ஒரு பிளாஸ்டிக் கவர் இல்லாமல் போகும். எங்களுக்கும் கவர் காசு மிச்சம்.

இதை நீங்களும் செய்யலாம். எலக்ட்ரானிக் தராசில் காலி டப்பாவை வைத்து ‘டேர்’ பட்டனை அழுத்தினால் எடை பூஜ்யமாகும். அதற்குப் பிறகு போடுவதுதான் பொருளின் எடை. பூஜ்யம் வந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பொருளைப் போடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். டேர் பட்டன் வேலை செய்யாத தராசாக இருந்தால் அடியில் எழுதிய எடையைக் கழித்துக்கொள்ளலாம். நிகர எடைக்குத்தான் காசு. டப்பாவோ அட்டைப் பெட்டியோ எடையில் சேரக் கூடாது என்பது சட்டம். ஸ்வீட் கடையிலும் இதே கணக்குத்தான்.

எதற்கு எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பருப்பு, பயறு, அரிசி, கடுகு, மிளகு, வர மிளகாய் இவற்றுக்குத் துணிப்பை போதும். புளி, வெல்லம், பேரீச்சை போல ஒட்டுகிற சாமானுக்கு வாய் அகன்ற எவர்சில்வர் டப்பா. முட்டைக்கு அட்டை டிரேயைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். பெருங்காயம், ஏலக்காய்க்கெல்லாம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தாலே போதும். செய்தித்தாளில் பொட்டலம் கட்டித் தரச் சொல்லாதீர்கள். பழைய பழக்கம்தான், பார்க்கவும் அழகு. ஆனால் அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்தித்தாளில் உணவு கட்டுவதையே கூடாது என்கிறது.

கட்டைப்பை வாங்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். துணிபோலவே தோன்றும், ஓரம் தைத்திருக்காமல் சூட்டில் ஒட்டியிருக்கும், தடவினால் சின்னச் சின்னப் புள்ளி அச்சு தெரியும். துணிக்கடையில் கொடுக்கும் அந்தப் பை துணியே கிடையாது, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். அதிலிருந்து ஒரு நாரைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டினால் சுருங்கி உருகும். பருத்தி நூல் எரிந்து சாம்பலாகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பிளாஸ்டிக்கில் இந்தப் பையும் உண்டு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. டீக்கடையில் பேப்பர் கப்தானே என்று வாங்குகிறவர்கள் கப்பின் உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய தோல் உரிந்து வரும்.

அப்புறம், துணிப்பை என்றாலே புண்ணியம் என்று புதிது புதிதாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனம் 2018-இல் ஒரு கணக்குப் போட்டது. சூப்பர் மார்க்கெட் பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், ஒரு சாதாரணப் பருத்திப் பையைக் காலநிலை பாதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தாலே 52 முறை பயன்படுத்த வேண்டும். தண்ணீர், ஓசோன் என்று எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 முறை. தெருவில் மாடு தின்னும் பிளாஸ்டிக்கும் கெடிலம் ஆற்றில் அடைக்கும் பிளாஸ்டிக்கும் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதால் நான் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் ஒன்று உறைக்கிறது. கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலத்தோடு வரும் பைகளே ஒரு அலமாரி இருக்கும். அதற்கு மேல் காசு கொடுத்து வாங்க என்ன இருக்கிறது? கையை வீசிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டால் மட்டும் மஞ்சப்பை இயந்திரம் உதவும். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டத்தில் பொது இடங்களில் வைத்திருப்பது; 10 ரூபாய் போட்டால் பை வரும்.

சரம் சரமாகத் தொங்குவது

கடை வாசலில் தோரணம்போலத் தொங்கும் ஷாம்பு சரத்துக்கு எங்கள் ஊர்தான் ஒரு வகையில் பிறந்த வீடு. சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டும் விலையில் விற்க வேண்டும் என்று முயன்ற சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய சிக் ஷாம்புதான் பிறகு கெவின்கேர் ஆனது. அந்த ஆரம்பக் காலத்தில் காலிப் பாக்கெட்டுகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் இருந்தது. வியாபாரத்தைப் பெருக்கச் செய்ததுதான். ஆனாலும் காலிப் பாக்கெட் தெருவில் விழாமல் கடைக்கே திரும்பிய காலம் அது ஒன்றுதான். இன்றைக்கு எல்லாக் கம்பெனிகளும் அதைத் திரும்பக் கொண்டு வந்தால் எங்கள் தெருச் சாக்கடை பாதி சுத்தமாகும்.

சின்னப் பாக்கெட்டில் என்ன சிக்கல் என்றால், அது ஒரே பிளாஸ்டிக் இல்லை. இரண்டு மூன்று வகைப் படலங்களை ஒட்டிச் செய்தது. பிரித்தெடுக்க முடியாததால் பழைய பேப்பர் கடைக்காரர் தொட மாட்டார். சாக்கடைக்கோ நெருப்புக்கோதான் போகும்.

“பெரிய பாட்டில் வாங்குங்கள், மலிவு” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் கடைக்காரன், உண்மையைச் சொல்கிறேன்: ஷாம்புவில் பல சமயம் மில்லிக்கு மில்லி கணக்குப் பார்த்தால் பாக்கெட்தான் மலிவு. இப்போது பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று யூனிட் விலை அச்சிடுகிறார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காபித்தூள், சோப்புத்தூள், ஊறுகாய் போன்றவற்றில் பெரியது பெரும்பாலும் மலிவாக இருக்கும். ஷாம்புவில் பாட்டிலுக்கும் போகாமல் பாக்கெட்டுக்கும் போகாமல் தப்பிக்க ஒரே வழி சீயக்காய்.

சீயக்காய் ஒரு கிலோவுக்குப் பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், பூந்திக்கொட்டையின் தோல் ஒரு கைப்பிடி, வாசனைக்குப் பூலாங்கிழங்கு கொஞ்சம். மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, சீயக்காய் அரைக்கும் மில்லில் கொடுங்கள். மாவு மில்லில் வாங்க மாட்டார்கள். அடுத்து அரைக்கிறவர் இட்லி கசக்கும். எல்லாச் சாமானும் துணிப்பையில் வாங்கக் கூடியவை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதக் கணக்கில் வரும். வேலைக்குப் போகிற அவசரத்தில் தினமும் முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கை கழுவத் திரவம் வேண்டாம், சோப்புக் கட்டியே போதும். பாத்திரம் தேய்க்கவும் கட்டிதான். தேய்க்கப் பச்சை நிற நைலான் பட்டைக்குப் பதில் பீர்க்கங்காய் நாரோ தேங்காய் நாரோ. நைலான் பட்டை தேயத் தேய அந்தத் தேய்ந்த துகள் எல்லாம் தண்ணீரோடுதான் போகிறது.

எண்ணெயும் தூளும்

சிலர் தூக்கைக் கொண்டு வந்து “எண்ணெய் லூஸா ஊத்துங்க” என்பார்கள். எண்ணம் நல்லது. ஆனால் சமையல் எண்ணெயை அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கலப்படத்துக்குப் பயந்து போட்டது. அரைத்த மிளகாய்த்தூள், மஞ்சள்தூளுக்கும் அப்படியே. கடைக்காரர் மறுத்தால் அவரைத் திட்டாதீர்கள்.

வழி இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்குப் பஞ்சமில்லை. விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே வி.ஆர்.ஐ. என்ற பெயரில் மல்லாட்டை ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அறுவடைச் சமயத்தில் பருப்பாக வாங்கி, இரண்டு வீடு சேர்ந்து, செக்கில் கூலிக்கு ஆட்டிக்கொள்ளுங்கள். உங்கள் மல்லாட்டை, உங்கள் எவர்சில்வர் கேன். புண்ணாக்கைச் செக்குக்காரரே விலைக்கு எடுத்துக்கொள்வார், அது மாட்டுக்குப் போகும். கொட்டுவதற்கு எதுவுமே மிஞ்சாது.

இதிலேயே இன்னொரு கணக்கும் உண்டு. ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு ஆட்டினால்தான் ஒரு கிலோ எண்ணெய் வரும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி, மீதிப் புண்ணாக்கின் விலையைக் கழித்து, கூலியைச் சேர்த்துப் பாருங்கள். ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று அதைவிடக் குறைவாக யாராவது விற்றால் பாட்டிலில் வேறு எண்ணெய்தான் பாதி இருக்கும். லேபிளில் மாட்டுப் படம் போட்டிருக்கிறதா என்பதைவிட இந்தப் பெருக்கல் நம்பகமானது.

மிளகாய், தனியா, விரளி மஞ்சள் எல்லாம் முழுசாகத் துணிப்பையில் வாங்கி, சித்திரை வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்தால் ஆறு மாதத்துக்குப் பாக்கெட் கிடையாது. மழை மாதத்தில் அரைக்காதீர்கள், கட்டி பிடிக்கும்.

மார்க்கெட்டில்

பான்பரி மார்க்கெட்டுக்குக் காலையில் போனால் கீரைக்காரம்மாவிடம் வாழை நாரில் கட்டிய கீரையை அப்படியே வாங்கலாம். பத்து மணிக்கு மேல் போனால் அதே கீரை கவரில் இருக்கும். விலை பேசும் முன்பே பையைத் திறந்து நீட்டிவிடுங்கள். வியாபாரிக்குக் கவரை எடுக்கும் கை பழக்கத்தில் தானாகப் போகும். பை முன்னாடியே இருந்தால் கை நிற்கும். உழவர் சந்தை 1999 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. அங்கே விற்கிறவர் விவசாயியே என்பதால் “எந்த ஊர், எப்போ பறிச்சது” என்று கேட்டால் பதில் கிடைக்கும். மூலைக் கடையில் ஊட்டி கேரட்டைப் பற்றி அப்படிக் கேட்க முடியாது.

பருவம் பார்த்து வாங்குவது கடலூர்க்காரர்களுக்குச் சுலபம். சித்திரையிலிருந்து ஆடி வரை பண்ருட்டிப் பலா. தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் அடித்தபோது அந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மறுபடி வளர்த்து இன்றைக்குக் காய்க்கிற மரங்கள் எத்தனையோ. சுளையாக, பிளாஸ்டிக் தட்டில் படலம் சுற்றி வாங்காமல் இரண்டு குடும்பமாக முழுப் பழம் வாங்குங்கள். கொட்டை குழம்புக்கு, சடை மாட்டுக்கு.

பண்ருட்டி முந்திரி விஷயத்தில் ஒன்று. பண்ருட்டியில் உடைப்பதெல்லாம் பண்ருட்டியில் விளைந்ததில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையையும் இங்கே உடைக்கிறார்கள். தப்பில்லை, நிறையப் பெண்களுக்கு அதுதான் வேலை. உள்ளூர் விளைச்சல்தான் வேண்டும் என்றால் “நம்ம ஊர்க் கொட்டையா, வெளிக் கொட்டையா” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியும்.

மீனுக்கு மூடி போட்ட டப்பா அவசியம். கறுப்புக் கவரில் ஒழுகிக்கொண்டு வருகிற மீனும், பிறகு கழுவ முடியாமல் எறிகிற அந்தக் கவரும்தான் நாற்றத்துக்கெல்லாம் மூலம். டப்பாவை நீட்டினால் முதுநகரில் மீன் விற்கிற அக்காக்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்கள். சிலர் ஒரு மீன் கூடவும் போடுகிறார்கள். எந்த மீன் என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக விட்ட காலம். அந்த நாட்களில் கரையோரம் சின்னப் படகில் பிடித்து வருகிற கவலை, நெத்திலி, கானாங்கத்தை கிடைக்கும். அதையே வாங்குங்கள். சித்திரை மாதத்தில் பெரிய வஞ்சிரம் துண்டுபோட்டு அடுக்கியிருந்தால், பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் லாரி ஏறி வந்ததாக இருக்கும். அங்கே தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. எந்த மாதமானாலும் விரல் நீளத்துக் குஞ்சு வஞ்சிரத்தையும் குஞ்சுச் சங்கராவையும் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கிற வரை வலையின் கண் பெரிதாகாது. நெத்திலி அப்படியில்லை, அது வளர்ந்தாலும் அவ்வளவுதான்.

பச்சை இலை படம் போட்ட பாக்கெட்

‘இயற்கை’, ‘நேச்சுரல்’, ‘பூமிக்கு நல்லது’, ஒரு பச்சை இலை. இதெல்லாம் வெறும் படம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. இப்படிச் சொல்லிக்கொண்டால் ஆதாரம் காட்ட வேண்டும். மோசடி என்று பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ஆர்கானிக் என்றால் முத்திரையைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை, அதோடு ‘இந்தியா ஆர்கானிக்’ அல்லது ‘பி.ஜி.எஸ்.’ முத்திரை இருக்கும். பி.ஜி.எஸ். என்பது விவசாயிகள் குழுவாக ஒருவரை ஒருவர் சரிபார்த்துத் தரும் சான்று. அதில் ‘கிரீன்’ என்று இருந்தால் நிலம் இன்னும் இயற்கை விவசாயத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது, முழுதாக மாறவில்லை என்று பொருள். முத்திரையே இல்லாமல் ஒரு சிறு விவசாயி நேரில் விற்கிறாரா? அதுவும் சரிதான். வருஷத்துக்கு 12 லட்சத்துக்குக் கீழ் வியாபாரம் செய்கிற சிறு உற்பத்தியாளர் சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால் சான்று கட்டாயமில்லை. அவரிடம் முத்திரைக்குப் பதில் நிலத்தைப் பார்க்க வரலாமா என்று கேளுங்கள். வா என்பவரிடம் வாங்கலாம். காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் பாசனத்தில் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயலுக்கு ஒரு நடை போய்ப் பார்த்தால் வரப்பில் நிறுத்தி வைத்தே கதை சொல்வார்கள்.

மக்கும் கவர் என்று இப்போது ஒன்று வருகிறது. உரமாக்கக் கூடியது என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் அச்சிட்டிருக்க வேண்டும். அதுவும் பெரிய உரக்கிடங்கில் இருப்பது போன்ற 58 டிகிரி சூட்டில் சோதித்துச் சான்று கொடுத்தது. உங்கள் வீட்டு மண்தொட்டியில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இன்னொரு வேடிக்கை: பொருள் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று காட்ட 1991-லேயே அரசு ‘ஈக்கோமார்க்’ என்று ஒரு முத்திரை கொண்டு வந்தது. சின்னம் நம் மண்பானை. 2024-இல் விதிகளையும் புதுப்பித்தார்கள். என் கடை அலமாரியில் தேடினால் அது கண்ணில் படுவதில்லை.

மின்சாரம் தின்னும் சாமான்

இது என் வியாபாரமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 35 வாட்டுக்குள் முடிக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட் மிச்சம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் ஒரு ஃபேனுக்கு 36 யூனிட். கடைபோல நாள் முழுக்க ஓடும் இடத்தில் முதலில் மாற்றுங்கள். எப்போதோ ஓடும் விருந்தினர் அறை ஃபேன் ஓடுகிற வரை ஓடட்டும், அதைக் கழற்றிக் குப்பையாக்குவதில் என்ன லாபம்?

ஃபிரிட்ஜில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குவதால் பழைய வருஷத்து 5 ஸ்டார் புது வருஷத்தில் குறைந்துவிடும். லேபிளில் ‘வருஷத்துக்கு இத்தனை யூனிட்’ என்று ஓர் எண் இருக்கும், அதை ஒப்பிடுங்கள். மிக்ஸி, கிரைண்டருக்கு லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் ரிப்பேர்க்காரர்கள் இருக்கும்வரை புதுசு எதற்கு? வாங்கும்போதே “இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

துணியில் ஒன்றே ஒன்று: கைலி வாங்கினால் குறிஞ்சிப்பாடிக் கைத்தறிக் கைலி. பழசானால் தலையணை உறை, அப்புறம் கைப்பிடித் துணி, கடைசியில் வண்டி துடைக்க. பாலியஸ்டர் கலந்தது தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, துடைக்கக்கூட லாயக்கில்லை.

கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது

கூட்ட நேரத்தில் டப்பாவை நீட்டினால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பார். மாதத்தின் முதல் வாரம், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வேண்டாம். காலை பதினொன்றுக்கு மேல், அல்லது மதியம் வாருங்கள். முதல் தடவை நாலு பொருளுக்கு மட்டும் டப்பா கொண்டு வாருங்கள், அவருக்கும் பழகட்டும்.

“பிளாஸ்டிக் கொடுக்காதீங்க” என்று உபதேசம் செய்தால் “எல்லாரும் கேக்குறாங்க, நான் என்ன பண்ண” என்ற பதில்தான் வரும். அதைவிட, “பீர்க்கங்காய் நார் இருக்கா?” என்று கேளுங்கள். இல்லை என்பார். அடுத்த வாரமும் கேளுங்கள், தெரிந்த இரண்டு பேரையும் கேட்கச் சொல்லுங்கள். மூன்று பேர் கேட்ட பொருளை வாங்கி வைக்காத மளிகைக் கடைக்காரர் கிடையாது. என் கடையில் நார் வந்ததும் அப்படித்தான், லூஸ் பாசிப்பயறுச் சாக்கு திரும்ப வந்ததும் அப்படித்தான். வந்த பிறகு வாங்காமல் இருந்துவிடாதீர்கள். கேட்டுவிட்டு வாங்காத சரக்கு அலமாரியில் தூசி படிந்து கிடந்தால் மறுபடி நீங்கள் எது கேட்டாலும் அவர் காதில் ஏறாது.

மிஞ்சுகிற காலி

எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் மிஞ்சும். பால் கவரை ஓரத்தில் வெட்டும்போது அந்த முக்கோணத் துண்டைத் தனியாக விழவிடாமல் ஒட்டியபடியே விடுங்கள். தனியாக விழுகிற துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள். கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் எடுப்பார்கள். எண்ணெய் கவரைக் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் எடுப்பார்கள். அட்டை, தகரம், பாட்டில் எல்லாம் போகும். பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட் போகாது. அவற்றை ஈரக் குப்பையோடு கலக்காமல் தனிப் பையில் மாநகராட்சி வண்டியில் கொடுங்கள். பேட்டரி செல்லையும் சி.எஃப்.எல். பல்பையும் எதிலும் போடாதீர்கள். பல்பில் பாதரசம் உண்டு. ஒரு டப்பாவில் தனியாகச் சேர்த்து வைத்து, மின்கழிவு சேகரிக்கும் நாளில் கொடுத்துவிடுங்கள்.